பஞ்சு கோர்வை

நவம்பர் 17, ஞாயிறு

சொல்கிறவன் நான். எழுதுகிறவள் என் மகள் மங்கை. எனக்கு எழுத்து வராது. மானாமதுரைப் பள்ளிக்கூடத்துக்கு நான் போனது மொத்தம் ஐந்து நாள். ஆறாம் நாள் அப்பா சூளைக்கு விறகு அடுக்கக் கூப்பிட்டார், அதோடு சரி. ஆனால் ஒரு தடவை காதில் விழுந்தது எதுவும் என்னை விட்டுப் போகாது. ஐம்பது வருஷமாகக் கடம் வாசிக்கிறேன். ஒரு தாளில்கூட ஒரு சொல்லை எழுதி வைத்துக்கொண்டதில்லை.

இன்று காலை தர்மு மாமி வந்தார். பஞ்சாபகேசனின் மனைவி. மிருதங்கம் பஞ்சாபகேசன் என்றால் ஊருக்கே தெரியும். அவன் மிருதங்கம் வாசிக்கும் மேடையில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் யார் என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். அது நான், சோலைமலை.

மாமி இந்த டைரியைக் கொடுத்தார். பத்து மாதம் வெறும் தாள். "டாக்டர் கேக்கறார், சோலை. என்னிக்கு எதை மறக்கறார்னு தேதி போட்டு எழுதணுமாம். நான் ஆத்துல பார்ப்பேன். மேடையில, ஒத்திகையில பார்க்கறது நீங்கதானே."

"என்ன மறதி மாமி? வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே."

"போன வாரம் பாத்ரூமுக்கு வழி கேட்டார்" என்றார் மாமி.

டிசம்பர் இருபத்திரண்டு அவனுக்குப் பொன்விழாக் கச்சேரி. மேடையேறி ஐம்பது வருஷம். அபயாம்பிகா பாடுகிறாள், சபாவில் பட்டம் கொடுக்கிறார்கள். "அது ஒண்ணு மட்டும் கௌரவமா முடியட்டும். அப்புறம் நானே வாசிக்க விடமாட்டேன். அதுவரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது, சோலை" என்று மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சரி என்றேன்.

அவனுக்கு ஒரு மறதி வந்தால் அதற்கு ஒரு டாக்டர், ஒரு டைரி, கண் கலங்க ஒரு மனைவி. எனக்கு வலது மோதிர விரல் ஆறு மாதமாக மடங்கினால் நிமிர்வதில்லை. இடது கையால் பிரித்து விடவேண்டியிருக்கிறது. 'டக்' என்று சத்தம்கூட வருகிறது. அதற்கு ஒருத்தரும் டைரி வாங்கித் தரவில்லை. தேங்காயெண்ணெய் தடவிக்கொள்கிறேன்.

"அப்பா, டாக்டருக்கு இதெல்லாம் எதுக்கு?" என்கிறாள் மங்கை.

"எழுது. தாள் நிறையத்தான் கெடக்குல்ல."


நவம்பர் 19, செவ்வாய்

இன்று மறந்தது: ரவை.

மேற்கு மாம்பலத்தில் பாடகி அபயா வீட்டில் ஒத்திகை. மிருதங்கத்தின் இடது பக்கத்தில் ரவையைக் குழைத்து அப்புவார்கள், அப்போதுதான் அந்தப் பக்கம் கும்கும் என்று பேசும். அவன் உட்கார்ந்ததும் அப்பினான். காபி வந்தது, குடித்தான். டம்ளரை வைத்துவிட்டு, "அபயா, கொஞ்சம் ரவை கொண்டாம்மா" என்றான். அவள் கொண்டு வந்தாள். அப்பியதன் மேலேயே மறுபடி அப்பினான். தட்டினால் சத்தம் சேற்றில் கல் விழுந்த மாதிரி இருக்கிறது.

அபயா என்னைப் பார்த்தாள். நான், "இன்னிக்கு ஈரக் காத்துண்ணா, தோல் தொங்கிப் போச்சு. பாதியை வழிச்சிரலாமா?" என்றேன். "ஆமாம், வழிச்சுடு" என்றான். நான் வழித்தேன். என் வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

அவன் என்று இங்கே சொல்கிறேன். நேரில் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன். அவன் என்னைவிட ஒன்றரை வயது சின்னவன். மதுரை சிம்மக்கல்லில் வாத்தியாரிடம் இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து படித்தோம். அப்போது அவன்தான் என்னைச் சோலையண்ணா என்பான். அவன் பெயர் சுவரொட்டியில் பெரிதாக வந்த வருஷம் நான் அவனை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவன் என்னைச் சோலை என்று கூப்பிட ஆரம்பித்தான். யாரும் சொல்லி நடக்கவில்லை. அந்தச் சுவரொட்டியில் என் பெயர் எங்கே என்று அன்றைக்குக் கேட்டேன். பசை தடவும்போது கீழ்ப்பக்கம் மடிந்துவிட்டது என்றார்கள்.


நவம்பர் 20, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. அவனைப் பார்க்கவில்லை.


நவம்பர் 25, திங்கள்

மறந்தது எதுவும் என் கண்ணில் படவில்லை. இரண்டு மணி நேரம் வாசித்தான். அவன் கை இன்னும் அப்படித்தான் இருக்கிறது, சனியன். இந்த வயதில் அந்த வலது கை எப்படி அவ்வளவு லேசாக விழுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். என் விரல் இரண்டு தடவை பூட்டிக்கொண்டது. கடத்தைத் துடைப்பதுபோல் துண்டுக்குள் மறைத்துப் பிரித்தேன்.

ஒத்திகை முடியும்போது அபயா, "மாமா, தனியில கடைசியா பஞ்சு கோர்வை வாசிக்கலாமே. பொன்விழாவுக்குப் பொருத்தமா இருக்கும்" என்றாள். தனி என்றால் பாட்டை நிறுத்தி எங்களுக்கென்று விட்டுக்கொடுக்கும் நேரம். அதன் முடிவில் மூன்று தடவை வாசித்து நிறுத்தும் கட்டுக்குக் கோர்வை என்று பெயர்.

"அது பழசும்மா. புதுசா ஒண்ணு போட்டிருக்கேன்" என்றான் அவன்.

பஞ்சு கோர்வை. அவன் பெயரை வைத்து எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். மங்கை, இதை நிதானமாக எழுது.

எழுபத்தொன்பதாம் வருஷம் மாசி மாதம். ராமேஸ்வரத்தில் கச்சேரி. ரயிலில் ஜன்னலோரம் அவன், எதிரில் நான். பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. சக்கரம் ஒரு சொல் சொன்னது, இடைவெளி விட்டது, இரண்டு சொன்னது, இடைவெளி விட்டது, மூன்று சொன்னது. நான் தொடையில் தட்டினேன். தாம். தகதாம். தகிடதகதாம். பாலம் முடிவதற்குள் முழுக்கோர்வையும் வந்துவிட்டது. அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். பிறகு சொன்னான்: "சோலையண்ணா, நாளைக்கு நான் இதை வாசிக்கறேன். உன் கோர்வைன்னு மைக்ல சொல்லிட்டுத்தான் வாசிப்பேன்."

வாசித்தான். ஜனம் எழுந்து நின்றது. மைக் அவன் பக்கத்திலேயேதான் இருந்தது.

நாற்பத்தைந்து வருஷம் ஆகிறது. எனக்கு அவன் சட்டைப் பொத்தான்வரை ஞாபகம் இருக்கிறது. மேலிருந்து இரண்டாவது பொத்தான் வேறு நிறம்.

எனக்குப் பொறாமை இல்லை. நடந்ததைச் சொன்னேன்.


நவம்பர் 30, சனி

புயல் மழை. ஒத்திகை ரத்து. துணி காயவில்லை. கடத்துக்குள் எறும்பு.


டிசம்பர் 4, புதன்

இன்று மறந்தது: வாசித்ததை.

நங்கநல்லூர்க் கோயில் மண்டபத்தில் சின்னக் கச்சேரி. முப்பது பேர் இருப்பார்கள். தனியில் ஒரு கோர்வை வாசித்து முடித்தான். அபயா பாட்டை எடுக்க வாயைத் திறந்தாள். இவன் மறுபடி ஆரம்பித்து அதே கோர்வையை அப்படியே வாசித்தான். அபயா வாயை மூடிக்கொண்டாள். முன்வரிசையில் ஒருத்தர் பக்கத்தில் இருந்தவரிடம், "பார்த்தீரா, ரசிச்சு ரசிச்சு வாசிக்கறார்" என்றார்.

அப்படித்தான். அவன் மறந்தால் ரசனை. நான் ஒரு தட்டு கூடத் தட்டினால் அத்துமீறல்.

உண்மையைச் சொல்லவேண்டும் என்றுதானே மாமி கேட்டார். அவன் இரண்டாம் தடவை ஆரம்பித்தபோது எனக்குள் ஒரு குளிர்ச்சி ஓடியது. பயமில்லை. நல்ல பசியில் மோர் குடித்தால் வருமே, அந்த மாதிரி.

மங்கை பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

"எழுதுடி."

"எழுதிட்டேம்ப்பா."


டிசம்பர் 8, ஞாயிறு

ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை. கடம் தட்டித் தட்டி விரல் நுனியில் ரேகையே இல்லை. மூன்று தடவை வைத்துப் பார்த்துவிட்டு அந்தப் பெண், "தாத்தா, நீங்க இருக்கீங்கன்னு மெஷின் ஒத்துக்க மாட்டேங்குது" என்றது. வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பொன்விழா அழைப்பிதழ் வந்தது. மங்கை வாசித்தாள். அவனைப் பற்றி ஒரு பக்கம். எந்த ஊர், என்ன பட்டங்கள், எத்தனை நாடு. கீழே, "உடன்: கடம்" என்று போட்டிருக்கிறதாம். பெயர்?

"போட்டிருக்குப்பா. சின்னதா இருக்கு" என்றாள்.

இருக்கிறதோ இல்லையோ. படிக்கத் தெரியாதவனிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.


டிசம்பர் 12, வியாழன்

சபா செயலாளர் ரங்கமணி காரில் வந்து இறங்கினார். ஐம்பது வருஷத்தில் என் வீட்டு வாசலில் ஒரு சபாக்காரர் கார் நின்றது இதுதான் முதல். மங்கை அலுவலகத்துக்குப் போயிருந்தாள், நான்தான் காபி போட்டேன். அவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நங்கநல்லூர்ல என்னமோ ஆச்சாமே? ஒரே கோர்வையை ரெண்டு தரம் வாசிச்சாராமே?"

"யார் சொன்னா?"

"காத்துல வருது. பஞ்சு மாமா சரியா இருக்காரா? எனக்கு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பொன்விழாவை ஒத்திப்போட்டுடலாம், கௌரவமா ஒரு காரணம் சொல்லி. ஹால் இருக்கு, தேதி இருக்கு. அன்னிக்கு உங்க தலைமையில ஒரு தாளவாத்தியக் கச்சேரி வெச்சுக்கலாம்னு நெனைக்கறேன். நீங்க நடுவுல உக்காருங்கோ. மத்தவா எல்லாம் பக்கத்துல."

நடுவில்.

கச்சேரி மேடையில் நடுவில் உட்கார்ந்தால் ஜனம் எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் ஓரத்திலிருந்து பார்க்கிறவன். எனக்குத் தெரிந்தது பாடுகிறவர்களின் ஒரு கன்னமும் பஞ்சுவின் வலது காதும்தான்.

"அண்ணா நல்லா இருக்காரு. நான்தான் அன்னிக்கு ரெண்டாவது தடவை வாசிங்கண்ணான்னு கண்ணைக் காட்டினேன்" என்றேன்.

என் வாயா அது? அவர் போனபிறகு அந்தக் காபியை நானே எடுத்துக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. ஏன் சொன்னேன் என்று இந்த நிமிஷம்வரை புரியவில்லை. மாமி கையைப் பிடித்துக்கொண்டதாலா? அப்படியெல்லாம் உருகுகிற ஆளில்லை நான். அவன் விழுந்தால் மேடையில் விழவேண்டும், ஒத்திப்போட்டு விழக்கூடாது என்று நினைத்தேனோ என்னமோ. அதையும் எழுதிக்கொள்.


டிசம்பர் 17, செவ்வாய்

இன்று மறந்தது: புதுக்கோர்வை.

பொன்விழாவுக்கென்று அவன் போட்டிருந்த கோர்வை. மூன்று நாளைக்கு முன்னால் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். ஒரு தடவை கேட்டேன், இப்போதும் என்னிடம் இருக்கிறது. இன்று அவன் பாதியில் நின்றான். "அடுத்தது என்ன?" என்று என்னைக் கேட்டான். நான் சொன்னேன். வாசித்தான். மறுபடி நின்றான். மறுபடி சொன்னேன். நாலாவது தடவை என்மேல் எரிந்து விழுந்தான். "நீ ஏண்டா மாத்தி மாத்திச் சொல்றே?"

அபயா எழுந்து உள்ளே போய்விட்டாள். சமையலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றாள்.

"மாத்திட்டேன்ணா, தப்புதான். சரியாச் சொல்றேன்" என்றேன். அதையேதான் மறுபடி சொன்னேன்.


டிசம்பர் 21, சனி

மாமி வந்தார். நிறுத்திவிடலாமா என்று கேட்டார்.

"ராத்திரியெல்லாம் பட்டு வேஷ்டியை மடிச்சு மடிச்சு வெக்கறார், சோலை. கச்சேரி நாளைக்குத்தானேன்னு கேட்டுண்டே இருக்கார். அது ஒண்ணுதான் மறக்கலை."

நான் கடத்தின் வாய் உள்விளிம்பில் களிமண் அப்பிச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தேன். "பாத்துக்கலாம் மாமி" என்றேன்.

"எப்படிப் பார்த்துப்பேள்?"

தெரியவில்லை. ஆனால் அதைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவனுடைய ஏதோ ஒன்று என் கையில் இருக்கிறது.


டிசம்பர் 22, ஞாயிறு

பொன்விழா நடந்தது. பட்டம் கொடுத்தார்கள். பஞ்சாபகேசன் எதையும் மறக்கவில்லை. நான்தான் தனியில் முறை மீறினேன்.


டிசம்பர் 24, செவ்வாய்

நேற்று முழுவதும் மங்கை என்னிடம் பேசவில்லை. இன்று காலை டைரியைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை எழுதினது பொய். நான் மூணாவது வரிசையில உக்காந்து தாளம் போட்டுட்டு இருந்தேன். எனக்கும் பாட்டுத் தெரியும்ப்பா. டாக்டருக்குப் பொய்யை எழுதித் தர மாட்டேன்."

"பேப்பர்ல என்ன போட்டிருக்கான்?"

"அதை எதுக்கு இப்ப?"

"படி."

படித்தாள். மிருதங்க மேதையின் பொன்விழாவில், அவருடைய முறையைப் பறித்து, அவருடைய புகழ்பெற்ற பஞ்சு கோர்வையையே அவர் எதிரில் தன்னிச்சையாக எடுத்து வாசித்தாராம் கடக்காரர். மேதை பெருந்தன்மையோடு கடைசியில் சேர்ந்துகொண்டாராம். நீண்டநாள் பொறாமை மேடையேறிவிட்டதோ என்று அரங்கில் முணுமுணுப்பு இருந்ததாம். என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். சோலைமலை என்று, முழுசாக.

"எத்தனை தடவை போட்டிருக்கு?"

"மூணு."

இப்போது எழுது. நடந்தது இதுதான்.

தனி ஆரம்பத்தில் அவன் பழைய பஞ்சுவாகவே வாசித்தான். ஐந்து நிமிஷம் நானே கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு நான் வாசித்தேன். பிறகு மாறி மாறி வாசிக்கிற கட்டம். அவன் நீளமாக ஒன்று வாசிப்பான், நான் திருப்பிச் சொல்வேன். அதில் பாதி அவன், பாதி நான். அதிலும் பாதி. குறைந்துகொண்டே வரும். என் முறை முடிந்து அவன் முறை வந்தது. அவன் வலது கை மேலே எழுந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

என்னைப் பார்த்தான். பஸ்ஸில் தூங்கி, தெரியாத ஊரில் இறங்கிவிட்டவன் பார்ப்பானே, அப்படி.

அபயாவின் கை தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. ஒன்று. இரண்டு. நானும் கையை எடுத்தால் எண்ணூறு பேரும் அந்தத் தொங்கும் கையைப் பார்ப்பார்கள். நான் வாசித்தால் என்னைப் பார்ப்பார்கள். மாமி முன்வரிசையில் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டிருந்தார்.

வாசித்தேன். அவன் முறையையும் சேர்த்து வாசித்தேன். மிருதங்கக்காரர் கண்ணசைக்காமல் கடக்காரன் ஒரு தட்டுகூட அதிகமாகத் தட்டக்கூடாது. மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்க, தோழன் தாலியை எடுத்த மாதிரி அது. ரங்கமணி பக்கத்தில் இருந்தவர் காதில் என்னமோ சொன்னார். அபயாவின் கண் பெரிதானது. இரண்டு சுற்று போயிற்று. அவன் கை இறங்கவில்லை. எப்படியாவது முடிக்கவேண்டும். புதுக்கோர்வை அவனிடம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவன் கைக்குத் தெரிந்த பழைய சாமான் எது?

பாம்பனை எடுத்தேன்.

முதல் தடவை தனியாக வாசித்தேன். தாம். தகதாம். இரண்டாம் தடவை அவன் இடது கை லேசாக அசைந்தது. மூன்றாம் தடவை இரண்டு கையும் வந்துவிட்டன. அவனுக்குத் தெரியாமல் அவன் கைகள் என்கூட ஓடி வந்தன. தாளத்தில் ஒன்றாக விழுந்தோம். அபயா பாட்டைப் பிடித்துக்கொண்டாள். கைதட்டினார்கள். அவனைப் பார்த்துத்தான்.

மங்கை அழுகிறாள். அழாதே. நான் என்னமோ அவனைக் காப்பாற்றினேன் என்று எழுதிவிடாதே. பாதி அதுதான். மறுபாதியையும் எழுது. அந்த இரண்டு சுற்றும், யாரும் கண்ணைக் காட்டாமல், யாரும் விட்டுக்கொடுக்காமல் நானாக வாசித்தேனே, இனித்தது. அவன் கை தொங்கிக்கொண்டிருந்தபோதே இனித்தது. என் விரல் பூட்டிக்கொள்ளவேயில்லை.

மேடைக்குப் பின்னால் அவன் சால்வையோடு வந்தான்.

"என் பொன்விழா அன்னிக்குத்தானா உனக்குப் பொறாமை பொத்துண்டு வரணும்? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேடா."

அவனுக்கு அந்தக் கை தொங்கியது ஞாபகமே இல்லை. நான் பறித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

எல்லாரும் நின்றார்கள். மாமி என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். "ஆமண்ணா. கை நிக்கலை. மன்னிச்சிருங்க."

உடனே நம்பினார்கள். அதுதான் எனக்கு வலித்தது. இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டு நம்பியிருக்கலாம்.


டிசம்பர் 27, வெள்ளி

இந்த சீசனில் மிச்சம் இருந்த நாலு கச்சேரிக்கும் வேறு கடம் போட்டாயிற்று. ரங்கமணி தொலைபேசியில் மங்கையிடம்தான் சொன்னார். என்னிடம் சொல்லத் துணியவில்லை. அபயா மட்டும் கூப்பிட்டாள். "மாமா, நான் தாளம் போட்டுண்டிருந்தேன். எனக்குத் தெரியும்" என்றாள். "என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது உனக்கு. வை போனை" என்றேன்.

கடங்களைப் பழைய சேலையில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள் மங்கை. விரலுக்கு டாக்டரிடம் காட்டினோம். ஊசி போட்டார்.


ஜனவரி 2, வியாழன்

தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரி வந்தது.


ஜனவரி 5, ஞாயிறு

காலையில் மாமி வந்தார். டைரியைக் கேட்க வந்தார் என்று நினைத்தேன். நேற்றே மங்கையிடம் சொல்லியிருந்தேன், டாக்டருக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துவிடு என்று. "எதைக் கிழிக்கிறது? எல்லா வரியிலயும் அவர்தானே இருக்கார்" என்றாள்.

மாமி டைரியைக் கேட்கவில்லை. "விடிஞ்சதுலேருந்து சோலையண்ணா எங்கே, சோலையண்ணா எங்கேன்னு கேட்டுண்டிருக்கார். யாரைச் சொல்றார்னே எனக்குப் புரியலை. உங்களை அவர் அண்ணான்னு கூப்பிட்டு நான் கேட்டதே இல்லையே" என்றார்.

போனேன். இன்னும் கோபம் இருக்கும், திட்டத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டே போனேன். பதிலுக்கு என்ன சொல்லவேண்டும் என்று ஆட்டோவில் கட்டி வைத்திருந்தேன். நாற்பத்தைந்து வருஷத்தையும் கொட்டிவிடுவது என்று.

ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எதிரில் உட்காரச் சொன்னான்.

"பாம்பன் வந்துடுத்தா, சோலையண்ணா?"

மாமி கதவைப் பிடித்துக்கொண்டார். நான் ஜன்னலைப் பார்த்தேன். எதிர்வீட்டுச் சுவரில் தண்ணீர்க் குழாய் தெரிந்தது.

"இன்னும் கொஞ்ச தூரம்" என்றேன்.

"அந்தக் கோர்வையை இன்னொரு தரம் சொல்லேன். நடுவுல விட்டுப் போறது."

சொன்னேன். தொடையில் தட்டிக்கொண்டே சொன்னேன். அவன் நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டே வந்தான். ஒரு எழுத்து பிசகவில்லை. மூன்றாம் தடவை என் மோதிர விரல் பூட்டிக்கொண்டது. ஊசி போட்டும் கேட்கவில்லை. மறைக்கத் துண்டைத் தேடினேன். அதற்குள் அவன் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த விரலை மெதுவாக, தோலைப் பதம் பார்க்கிற மாதிரி நீவி நிமிர்த்தினான். டக்.

"வாத்தியார் அடிச்சாரா? அவருக்கு உன்மேலதான் கண்ணு. நன்னா வாசிக்கறியோல்லியோ, அதான். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை."

இத்தனை மாதமாக இந்த விரலை மேடையில் யாரும் பார்க்கவில்லை. இவன் பார்த்தான், இன்றைக்கு. வாத்தியார் விஷயத்தில் இவனுக்கும் என்மேல் அப்படி ஒன்று இருந்திருக்கிறது. அதை ஐம்பது வருஷம் என்னிடம் காட்டியதே இல்லை.

கையை விடாமல் சொன்னான்: "சோலையண்ணா, நாளைக்கு நான் இதை வாசிக்கறேன். உன் கோர்வைன்னு மைக்ல சொல்லிட்டுத்தான் வாசிப்பேன்."

அதே சொற்கள். அதே வரிசை. அன்றைக்கு நான், "நெசமாவா?" என்று கேட்டேன். இன்று கேட்கவில்லை.

"வாசி, பஞ்சு" என்றேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கட்டி வைத்ததெல்லாம் அப்படியே என்னிடம் இருந்தது. யாரிடம் கொட்டுவது? செய்தவன் இப்போது எழுபத்தொன்பதாம் வருஷத்தில் உட்கார்ந்திருக்கிறான். அங்கே அவன் இன்னும் ஒரு தப்பும் செய்யவில்லை. ஜன்னலோரம், மேலிருந்து இரண்டாவது பொத்தான் வேறு நிறமாக, அடுத்த ஊருக்கு வாயில் நல்ல வார்த்தையோடு போய்க்கொண்டிருக்கிறான். என்னை மட்டும் இங்கே இறக்கிவிட்டு, எல்லா மூட்டையையும் என் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

டாக்டருக்கு எழுது, மங்கை.

இன்று அவன் மறந்தது: நாற்பத்தைந்து வருஷம்.

நான் மறந்தது ஒன்றுமில்லை.

கொடுத்து வைத்தவன்.